மென்பொருள் பாடங்களைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிடுவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழில் மென்பொருள் கற்றுத்தரும் பாடங்களுக்கு இணையத்தில் பஞ்சமில்லை. பைத்தான், லிப்ரே ஆபிஸ், ஜிம்ப், லினக்ஸ் என்று பலரும் எழுதியும் பேசியும் வைத்திருக்கிறார்கள். முகப்பில் 'அனைவருக்கும் இலவசம்' என்று இருக்கும். பக்கத்தின் அடியில் 'அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை' என்று இருக்கும். பாதிப் பாடங்களில் இரண்டுமே இருக்காது. ஒன்றும் எழுதாமல் விட்டால் அது பொதுச்சொத்து என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். சட்டம் சொல்வது நேர்மாறு. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, பாடத்தை எழுதி முடித்ததுமே உரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்ய வேண்டியதில்லை, © குறி போட வேண்டியதுமில்லை. அவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை அந்த உரிமை தொடரும். நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் எல்லாரும் பார்க்கும்படி வைத்துவிட்டாலும் நிலைமை மாறாது. உரிமம், அதாவது பிறர் என்ன செய்யலாம் என்ற எழுத்துப்பூர்வ அனுமதி, இல்லாத களஞ்சியத்தை (கோப்புத் தொகுப்பை) மற்றவர்கள் பார்க்கலாம், அந்தத் தளத்துக்குள்ளேயே கிளை பிரித்து வைத்துக்கொள்ளலாம். திருத்தி வேறிடத்தில் வெளியிட அவர்களுக்கு அனுமதி கிடையாது.

கதை, கட்டுரைக்கு இது பெரிய இழப்பில்லை. மென்பொருள் பாடம் அப்படியல்ல, சீக்கிரம் பழசாகிவிடும். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்தது. அதற்கு முன் எழுதப்பட்ட பாடங்கள் பல, பிரிண்ட் கட்டளையை அடைப்புக்குறி இல்லாமல் எழுதச் சொல்லும். இன்று ஒரு மாணவர் அதை அப்படியே தட்டச்சு செய்தால் முதல் வரியிலேயே பிழை வரும். பாடத்தில் என்ன கோளாறு என்று அவருக்குத் தெரியாது. தனக்கு நிரலாக்கம் வராது என்று முடிவு கட்டிவிடுவார். எழுதியவர் வேலை மாறி, மின்னஞ்சல் மாறி எங்கோ இருப்பார். சரியான உரிமமும் மூலக்கோப்பும் இருந்தால் வேறு யாராவது ஒரு மாலைப்பொழுதில் அதைச் சரிசெய்துவிடலாம்.

ஆகவே கீழே வரும் ஒவ்வொரு முடிவையும் ஒரே கேள்வியை வைத்துச் சோதித்துப் பாருங்கள்: நான் கைவிட்டுவிட்ட பிறகு, முகம் தெரியாத ஒருவர் என்னைக் கேட்காமலே இந்தப் பாடத்தைத் திருத்தி வெளியிட முடியுமா?

ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டுப் பிளஸ் டூ கணினி அறிவியலில் பைத்தான் இருக்கிறது. ஓர் ஆசிரியர் அதற்குத் துணைப்பாடங்கள் தயாரித்திருக்கிறார். எழுத்துப் பாடம், நிரல் கோப்புகள், திரைப்பிடிப்புகள், சில காணொளிகள், பயிற்சிக்கு ஒரு மதிப்பெண் பட்டியல் எல்லாம் அவரிடம் இருக்கின்றன. இவற்றை வெளியிட வேண்டும்.

படி 1: உரிமை உங்களுடையதுதானா?

உங்களுடையது அல்லாததற்கு நீங்கள் உரிமம் கொடுக்க முடியாது. பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி படைப்பாளரே முதல் உரிமையாளர். ஆனால் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் அந்த வேலையின் பகுதியாக உருவாக்கியது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலை கொடுத்தவருக்குச் சேரும். தனியார் கல்லூரியோ பயிற்சி நிறுவனமோ 'பாடம் தயாரித்துக் கொடுங்கள்' என்று கேட்டு வாங்கியிருந்தால் உரிமை அவர்களுடையதாகவே இருக்க வாய்ப்பு அதிகம். அரசின் பணிப்பில் உருவானது என்றால் அரசுக்கு. அதுவே நீங்கள் வீட்டில், உங்கள் சொந்த நேரத்தில், சொந்தக் கணினியில், யாரும் கேட்காமல் எழுதியதென்றால் பெரும்பாலும் சிக்கல் இருக்காது.

சந்தேகம் இருந்தால் தலைமையாசிரியரிடமோ நிர்வாகத்திடமோ நான்கு வரியில் எழுத்துப்பூர்வமாக அனுமதி வாங்கிவிடுங்கள். எந்தப் பாடங்கள், எந்த உரிமம், யார் பெயரில் என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். வாய்மொழியாகச் 'சரி சார், போட்டுக்கொள்ளுங்கள்' என்பது நிர்வாகம் மாறும் நாள் வரைதான் செல்லும். இலங்கையில் இருப்பவர்கள் 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்க அறிவுசார் சொத்துச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். அங்கேயும் வேலைக்காக உருவாக்கியது யாருடையது என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

படி 2: பாடத்துக்குள் என்னென்ன இருக்கின்றன?

அலுப்பூட்டும் வேலை. ஆனால் பின்னால் வரும் தகராறுகளில் பெரும்பகுதி இங்கேயே தீர்ந்துவிடும். ஒரு விரிதாளைத் திறந்து, பாடத்தில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: என்ன, எங்கிருந்து வந்தது, யார் உருவாக்கியது, எந்த உரிமத்தில்.

உரையில் முதலில் பார்க்க வேண்டியது பாடநூல். அரசுப் பாடநூலின் பயிற்சி வினாக்களை அப்படியே எடுத்துப் போட்டிருந்தால் அதை உங்கள் உரிமத்தில் வெளியிட முடியாது. இலவசமாகப் பதிவிறக்க முடிகிறது என்பதால் அதன் பதிப்புரிமை போய்விடவில்லை. கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, சொல்லும் விதத்துக்குத்தான் உண்டு. எனவே வினாக்களை நீங்களே புதிதாக அமைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மாணவர்கள் வழக்கமாகத் தடுமாறும் இடம் எதுவென்று பாடநூலைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

தமிழ் விக்கிப்பீடியாவிலிருந்து பத்தி எடுத்திருந்தால் பயன்படுத்தலாம், ஆனால் நிபந்தனை உண்டு. 2023 முதல் அது கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்ஏ 4.0 உரிமத்தில் இருக்கிறது (விளக்கம் படி 3-இல்). அந்தப் பத்தியைத் தழுவி எழுதிய பாடமும் அதே உரிமத்தில்தான் வெளிவர வேண்டும்.

நிரலில் பலர் கவனிக்காத ஓர் இடம், நிரலாக்கக் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ. அங்கே உறுப்பினர்கள் எழுதும் விடைகளும் பை-எஸ்ஏ உரிமத்தில்தான் இருக்கின்றன. 2018 மே முதல் எழுதப்பட்டவை 4.0 பதிப்பில், அதற்கு முந்தையவை பழைய பதிப்புகளில். 'எல்லாரும் எடுக்கிறார்கள்' என்று இருபது வரியை அள்ளிக்கொண்டு, மேலே எம்ஐடி உரிமம் (நிரலுக்கான தளர்வான உரிமம், படி 4-இல் வரும்) என்று எழுதி வைப்பது செல்லாது. பட்டியலை வரிசைப்படுத்துவது, கூட்டுத்தொகை காண்பது போன்ற பாடநிலை நிரல்களை நீங்களே எழுதிவிடுவது எளிது.

திரைப்பிடிப்புகளைப் பெரிதாக்கி, ஓரங்களைப் பாருங்கள். உலாவியின் புத்தகக்குறிப் பட்டையில் உங்கள் வங்கியின் பெயர், பக்கத்துத் தாவலில் யாரோ அனுப்பிய மின்னஞ்சலின் தலைப்பு, கோப்புப் பாதையில் உங்கள் மகளின் பெயரில் உள்ள கோப்புறை எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். கணினியில் பாடத்துக்கென்று ஒரு புதுப் பயனர் கணக்கை உருவாக்கி, அதிலிருந்தே படம் பிடிப்பது நல்ல பழக்கம். உரிமம் பற்றிக் கேட்டால், லிப்ரே ஆபிஸ், ஜிம்ப், பைத்தானின் ஐடில் போன்ற கட்டற்ற மென்பொருள்களின் திரைகளில் தொந்தரவு குறைவு. தனியுரிம மென்பொருளின் திரையைப் பாடத்தில் காட்ட அந்தந்த நிறுவனம் விதித்த நிபந்தனைகள் இருக்கும். அந்தப் படத்துக்கு உங்கள் உரிமம் பொருந்தாது என்று தனியே குறிக்க வேண்டும். விக்கிப்பீடியாவின் படக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸ் அத்தகைய படங்களை ஏற்பதேயில்லை. சின்னங்கள், லோகோக்கள் வணிகக்குறிச் சட்டத்தின்கீழ் வருபவை. அவற்றைத் திறந்துவிட உங்களால் முடியாது.

பயிற்சிக்கான மதிப்பெண் பட்டியலில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. பாடம் எடுக்கும் அவசரத்தில் பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவின் உண்மையான பட்டியலையே மாதிரித் தரவாகப் போட்டுவிடுவது நடக்கக்கூடியதுதான். பெயர், பிறந்த தேதி, எமிஸ் என்ற பள்ளி மாணவர் அடையாள எண், பெற்றோரின் கைபேசி எண், நான்கு பாடத்தில் தோல்வி என எல்லாமும் உலகத்துக்கே பதிவிறக்கமாகப் போய்விடும். எந்தக் கட்டற்ற உரிமமும் பிறருடைய அந்தரங்கத்தை உங்களுக்குத் தாரைவார்ப்பதில்லை. கற்பனைப் பெயர்களுடன் புதிய பட்டியல் ஒன்றைத் தயாரியுங்கள். கிட் (கோப்புகளின் மாற்றங்களையெல்லாம் பதிந்து வைக்கும் கருவி) களஞ்சியத்தில் ஏற்கெனவே ஏற்றியிருந்தால் கோப்பை நீக்குவது மட்டும் போதாது. பழைய வரலாற்றில் அது அப்படியே இருக்கும். வரலாறே இல்லாத புதிய களஞ்சியத்தைத் தொடங்கி, சுத்தமான கோப்புகளை மட்டும் ஏற்றி, பழையதை அழித்துவிடுவது எளிய வழி.

எழுத்துருவையும் பட்டியலில் சேருங்கள். நோட்டோ தமிழ், மீரா இனிமை போன்றவை எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தில் இருக்கின்றன. பாடத்துடன் சேர்த்தே கொடுக்கலாம். பாமினி, வானவில் போன்ற பழைய குறியேற்றங்களில் தட்டச்சு செய்த பாடம் என்றால் முதலில் ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றுங்கள். இல்லாவிட்டால் நகலெடுத்து ஒட்டும்போது எழுத்துகள் குப்பையாகக் கொட்டும். தேடுபொறியும் அதைத் தமிழ் என்று அறியாது. மாற்றிய பிறகு ஒருமுறை முழுதாகப் படித்துப் பாருங்கள். மாற்றிக் கருவிகள் பாடத்தின் இடையில் வரும் நிரல் வரிகளையும் சேர்த்துத் 'தமிழாக்கி' வைத்துவிடும்.

காணொளியின் பின்னணி இசையை எடுத்துவிடுங்கள். கற்கிறவருக்கு அது இடைஞ்சல்தான்.

படி 3: உரைக்கும் காணொளிக்கும் உரிமம்

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002 டிசம்பரில் முதலில் வெளிவந்தன. இப்போதைய 4.0 பதிப்பு 2013-இல் வந்தது. நாட்டுக்கு நாடு தனி வடிவம் இல்லாமல் உலகம் முழுமைக்கும் ஒரே வாசகம் என்பதால் புதிய பாடங்களுக்கு 4.0-வையே எடுங்கள். மொத்தம் ஆறு உரிமங்கள். நான்கு கூறுகளை வைத்து அவை அமைகின்றன: பெயர் குறிப்பிட வேண்டும் என்பது 'பை', தழுவலையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும் என்பது 'எஸ்ஏ', வணிக நோக்கில் பயன்படுத்தக் கூடாது என்பது 'என்சி', மாற்றியதை வெளியிடக் கூடாது என்பது 'என்டி'.

என்டி நமக்கு ஆகாது. மாற்றியதை வெளியிடக் கூடாது என்றால் மொழிபெயர்ப்பையும் வெளியிடக் கூடாது என்றுதான் பொருள். பைத்தான் 2 பாடத்தைப் பைத்தான் 3-க்கு மாற்றித் தரவும் முடியாது. நம் சோதனைக் கேள்விக்கு நேரடியாக 'இல்லை' என்று பதில் சொல்லும் உரிமம் அது.

என்சி பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் நல்ல மனதுக்காரர்கள் பெரும்பாலும் அதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். 'நான் இலவசமாகக் கொடுப்பதை வைத்து இன்னொருவர் காசு பார்ப்பதா?' என்ற கோபம் நியாயமானது. ஆனால் 'வணிக நோக்கு' எங்கே தொடங்குகிறது என்பதில் நீதிமன்றப் படியேறும் அளவுக்குச் சண்டை நடந்திருக்கிறது. அமெரிக்காவில் கிரேட் மைண்ட்ஸ் என்ற அமைப்பு தன் பள்ளிக் கணிதப் பாடங்களைப் பை-என்சி-எஸ்ஏ 4.0 உரிமத்தில் வெளியிட்டது. பள்ளிகள் அவற்றை ஃபெட்எக்ஸ் ஆபிஸ் கடைகளில் கொடுத்து நகலெடுத்துக்கொண்டன. கடை காசு வாங்குகிறதே, இது வணிகம் இல்லையா என்று 2016-இல் கிரேட் மைண்ட்ஸ் வழக்குப் போட்டது. பயன்படுத்துவது பள்ளிதான், கடை அதன் சொற்படி நகலெடுத்துக் கொடுக்கிறது, அவ்வளவே என்று 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆபிஸ் டிப்போ நிறுவனத்தின்மீது போட்ட அதே மாதிரியான வழக்கும் 2019-இல் தோற்றது.

ஜெராக்ஸ் கடைக்கு அங்கே விடை கிடைத்துவிட்டது. நம் ஊர் டியூஷன் சென்டருக்கு? மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு உங்கள் பாடத்தை நடத்துகிறவர் மீறுகிறாரா, இல்லையா? விளம்பரம் வரும் வலைத்தளம்? பத்து ரூபாய்க்கு விற்கும் மாணவர் கையேடு? விடை தெரியாததால் நாணயமானவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். மற்றவர்கள் எந்த உரிமம் இருந்தாலும் கேட்கப்போவதில்லை. உங்கள் பாடத்தை ஆண்டுதோறும் நடத்தி, எங்கே பிழை என்று கண்டுபிடித்துத் திருத்தக்கூடியவர் பெரும்பாலும் சிறுநகரத்துக் கணினி மையத்தில் சம்பளத்துக்குப் பாடம் எடுப்பவர்தான். என்சி அவரைத்தான் வெளியே நிறுத்துகிறது. அதோடு, திறந்த மூலத்துக்கான வரையறைகள் வணிகப் பயன்பாட்டைத் தடுப்பதை ஏற்பதில்லை. என்சி போட்டுவிட்டுத் 'திறந்த மூலம்' என்று அழைப்பது சரியல்ல. விக்கிமீடியா திட்டங்களிலும் அதற்கு இடமில்லை.

மிஞ்சுவது பை, பை-எஸ்ஏ இரண்டும்தான். முன்னதில், எடுத்தவர் தன் தழுவலைப் பூட்டி வைத்துக்கொள்ளலாம். பின்னதில் அது நடக்காது. யாராவது உங்கள் பாடத்தை மேம்படுத்தி அச்சிட்டு விற்றாலும், அந்த மேம்பாடு பை-எஸ்ஏ உரிமத்தோடேயே வர வேண்டும். நீங்கள் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். காசு பார்ப்பவர்கள்மீது வரும் கோபத்துக்கு என்சியைவிட எஸ்ஏ நல்ல மருந்து என்பது என் கருத்து. மும்பை ஐஐடியின் காணொளிப் பாடத் திட்டமான ஸ்போக்கன் டுடோரியல், ஐஐடிகளின் இணையவழிப் பாடத் திட்டமான என்பிடெல் ஆகியவையும் பை-எஸ்ஏ உரிமத்தைத்தான் எடுத்திருக்கின்றன. தமிழ் விக்கிப்பீடியாவோடும் கொடுக்கல் வாங்கல் எளிதாகிறது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: பை-எஸ்ஏ உரைகளையும் பை-என்சி-எஸ்ஏ உரைகளையும் கலந்து ஒரே தழுவலாக்க முடியாது. இரண்டும் 'என் உரிமத்திலேயே வெளியிடு' என்று அடம்பிடிக்கும்.

பழைய மென்பொருள் கையேடுகளில் குனூ கட்டற்ற ஆவண உரிமம் என்று பார்த்திருப்பீர்கள். 2000-ஆம் ஆண்டில் அச்சுக் கையேடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது அது. முழு உரிம வாசகத்தையும் கூடவே சுமக்க வேண்டும். மாற்றக்கூடாத பகுதிகள் என்றும் வைக்கலாம். அப்படிப்பட்ட பகுதிகள் கொண்ட ஆவணங்கள் கட்டற்றவை அல்ல என்று டெபியன் என்ற லினக்ஸ் திட்டம் 2006-இல் வாக்கெடுத்து முடிவு செய்தது. விக்கிப்பீடியாவும் 2009-இல் கிரியேட்டிவ் காமன்சுக்கு மாறியது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அந்த உரிமம் தேவையில்லை.

முடிவெடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்த உரிமங்களைத் திரும்பப் பெற முடியாது. நாளை மனம் மாறினால் நீங்கள் வெளியிடுவதை நிறுத்திக்கொள்ளலாம். ஏற்கெனவே எடுத்தவரிடமிருந்து பறிக்க முடியாது. பாடத்தை வைத்துப் புத்தக ஒப்பந்தம் போடும் எண்ணம் இருந்தால், பதிப்பாளரிடம் பேசிவிட்டு இந்தப் படிக்கு வாருங்கள்.

படி 4: நிரலுக்குத் தனி உரிமம்

கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பே, எங்கள் உரிமங்களை மென்பொருளுக்குப் பயன்படுத்தாதீர்கள் என்கிறது. மூல நிரலைத் தருவது பற்றியோ மென்பொருள் காப்புரிமம் (பேடன்ட்) பற்றியோ அவை பேசுவதில்லை. பாடத்தைப் பொறுத்தவரை காரணம் இன்னும் நடைமுறையானது. மாணவர் உங்கள் பாடத்தில் இருக்கும் பதினைந்து வரியை எடுத்து, பின்னாளில் தன் அலுவலக நிரலில் சேர்ப்பார். அது பை-எஸ்ஏ உரிமத்தில் இருந்தால் அவருக்கு வம்பு.

சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி திட்டம் இதற்கு நல்ல முன்மாதிரி. விஞ்ஞானிகளுக்கு நிரலாக்கம் கற்பிக்க 1998-இல் கிரெக் வில்சனும் பிரென்ட் கோர்டாவும் தொடங்கியது அது. பாடங்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் (சிசி) பை 4.0, நிரல்கள் எம்ஐடி உரிமம் என்று அவர்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள். நாமும் அப்படியே செய்யலாம்: உரைக்குப் பை-எஸ்ஏ 4.0, நிரலுக்கு எம்ஐடி. எம்ஐடி கேட்பது ஒன்றே ஒன்று, உரிம அறிவிப்பை நீக்காதே என்பது. பாடத்துணுக்குகளுக்கு அதுவும் அதிகம் என்று தோன்றினால், அந்த நிபந்தனையும் இல்லாத எம்ஐடி-0 எடுங்கள். உரிமைகளை முழுதாக விட்டுக்கொடுக்கும் சிசி0-வும் கிட்டத்தட்ட அதே பலன் தரும். ஆனால் காப்புரிமம் குறித்த ஒரு வரியால், நிரலுக்கு அதை ஏற்பதில்லை என்று ஃபெடோரா என்ற லினக்ஸ் திட்டம் 2022-இல் அறிவித்தது. நிரலுக்கு அதை விட்டுவிடுவது நல்லது.

பாடம் என்பதே ஒரு முழு மென்பொருளாக இருந்தால், உதாரணமாகத் தட்டச்சுப் பயிற்சிச் செயலி என்றால், தழுவலையும் அதே உரிமத்தில் கொடுக்கச் சொல்லும் ஜிபிஎல் என்ற மென்பொருள் உரிமத்தைப் பற்றி யோசிக்கலாம். அது தனிக் கதை.

படி 5: மூலக்கோப்புகளைக் கொடுங்கள்

உரிமம் எழுதி, பிடிஎஃப் கோப்பை மட்டும் ஏற்றிவிட்டுப் 'பாடத்தைத் திறந்துவிட்டேன்' என்று சொல்பவர்களை நிறையப் பார்க்கலாம். சட்டப்படி அது திறந்ததுதான். ஆனால் அந்தப் பிடிஎஃப்பில் ஒரு வரியைத் திருத்திப் பாருங்கள், எழுத்து உடையும், பக்கம் நகரும், கடைசியில் முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும். கையில் கிடைத்தும் திருத்த முடியாத பாடம் அது.

எழுத்துப் பாடத்தை மார்க்டவுன் என்ற எளிய உரை வடிவிலோ லிப்ரே ஆபிஸின் ஓடிடி கோப்பாகவோ கொடுங்கள். வரைபடங்களை எஸ்விஜி வடிவிலும், வில்லைகளை லிப்ரே ஆபிஸின் ஓடிபி வடிவிலும் வையுங்கள். திரைப்பிடிப்பில் அம்புக்குறியும் தமிழ்க் குறிப்புகளும் சேர்த்திருந்தால், அவை சேர்க்கப்படாத வெறும் படத்தையும் தனியே வையுங்கள். அடுத்தவர் வேறு மொழியில் குறிப்பு எழுத அதுதான் வேண்டும். நிரல்களைப் படமாக ஒட்டாமல் தனிக் கோப்பாகக் கொடுங்கள். எந்தப் பதிப்பில் ஓடிச் சோதித்தது என்று முதல் வரியில் எழுதுங்கள்: 'பைத்தான் 3.12, உபுண்டு 24.04' என்பது போல.

காணொளிக்கு மூலக்கோப்பு என்றால் என்ன? இங்கே ஸ்போக்கன் டுடோரியல் செய்வதைக் கவனிக்க வேண்டும். மும்பை ஐஐடி பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தொடங்கி, மத்தியக் கல்வி அமைச்சகத்தின் நிதியில் வளர்ந்த திட்டம் அது. பாடங்கள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய பத்து நிமிடம். பதிவு செய்வதற்கு முன் இரண்டு நெடுவரிசைகள் கொண்ட அட்டவணையாக எழுத்துப்படி தயாராகிறது. இடப்பக்கம் திரையில் நடப்பது, வலப்பக்கம் அப்போது பேச வேண்டிய வாக்கியம். நம் பாடத்துக்கு அது இப்படி இருக்கும். இடப்பக்கம்: 'ஐடில் சாளரத்தில் புதிய கோப்பைத் திறக்கவும்'. வலப்பக்கம்: 'கோப்பு மெனுவுக்குச் சென்று புதிய கோப்பைத் திறப்போம். வெற்றுச் சாளரம் ஒன்று வரும்.' பாடம் தெரியாத ஒருவரை வைத்து எழுத்துப்படியைச் சோதித்த பிறகுதான் பதிவுக்குப் போகிறார்கள். பதிவானதும் ஒவ்வொரு வாக்கியமும் எத்தனையாவது நொடியில் வருகிறது என்று நேரக் குறிப்போடு இன்னொரு படி தயாராகிறது. அதை வைத்துக்கொண்டுதான் தமிழ் உட்பட இந்திய மொழிகளில் குரல் கொடுக்கிறார்கள். படம் அப்படியே இருக்கும், பேச்சு மட்டும் மாறும்.

இந்த முறையை ஒருவர் தனியாகவே பின்பற்றலாம், செலவில்லை. எழுத்துப்படி, நேரக் குறிப்பு கொண்ட எஸ்ஆர்டி (வசன வரிகள்) கோப்பு, பேச்சு தனி ஒலிக்கோப்பு, பேச்சில்லாத படம், கேடென்லைவ் போன்ற தொகுப்பானின் திட்டக் கோப்பு ஆகியவற்றை ஒரே கோப்புறையில் வைத்தால் போதும். மெனுவின் பெயர் மாறும்போது அந்த இருபது நொடியை மட்டும் வெட்டி மாற்றலாம். ஒரு மணி நேரக் காணொளியை ஏழெட்டுச் சிறு பாடங்களாகப் பிரித்து வைப்பதற்கும் காரணம் இதுதான்.

படி 6: உரிமத்தை எழுதி வைப்பது

உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று நம் சட்டத்தின் 30-ஆம் பிரிவு சொல்கிறது. மூன்று இடங்களில் எழுதுங்கள்.

களஞ்சியத்தின் மேல்மட்டத்தில் லைசென்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்துகளில் பெயராகக் கொண்ட கோப்பு. அதில் முழு உரிம வாசகம் இருக்க வேண்டும். சுருக்கமோ இணைப்போ மட்டும் போதாது. கிட்ஹப் போன்ற தளங்கள் அந்த வாசகத்தைப் படித்துத்தான் உரிமத்தை அடையாளம் காண்கின்றன. நிரல்கள் இருக்கும் கோப்புறைக்குள் எம்ஐடி வாசகத்துடன் இன்னொன்று.

களஞ்சியத்தின் அறிமுகக் கோப்பான ரீட்மீயில் மனிதர்கள் படிப்பதற்கான அறிவிப்பு. மாதிரிக்கு:

'இப்பாடங்களின் உரை, படங்கள், காணொளிகள் © 2025, பாட ஆசிரியர் குழு. கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்ஏ 4.0 சர்வதேச உரிமத்தில் வெளியிடப்படுகின்றன. நிரல்கள் என்ற கோப்புறையில் உள்ளவை எம்ஐடி உரிமத்தில் வெளியிடப்படுகின்றன. ஐந்தாம் பாடத்தின் இரண்டாம் படம் இந்த உரிமத்துக்கு உட்பட்டதல்ல. அதன் விவரம் படத்தின் கீழே உள்ளது.'

உரிமத்தின் பெயரிலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் பக்கத்துக்கு இணைப்புக் கொடுங்கள். கூடவே, உங்களை எப்படிக் குறிப்பிட வேண்டும் என்று ஒரு வரியைத் தயாராகவே கொடுத்துவிடுங்கள்: பாடத்தின் தலைப்பு, ஆசிரியர், இணைப்பு, உரிமம். நகலெடுத்து ஒட்ட ஒரு வரி கையில் இருந்தால் பலரும் ஒழுங்காகப் பெயர் போடுகிறார்கள்.

மூன்றாவது இடம் கோப்புகளுக்கு உள்ளேயே. வாட்ஸ்அப்பில் ஒரு பாடம் மட்டும் தனியாகப் பயணம் போகும்போது ரீட்மீ கூட வராது. பிடிஎஃப்பின் ஒவ்வொரு பக்க அடியிலும், காணொளியின் கடைசிச் சட்டகத்திலும், நிரலின் முதல் இரண்டு வரியிலும் உரிமத்தின் பெயர் இருக்கட்டும்.

படி 7: எங்கே வைப்பது?

யூடியூபில் ஏற்றும்போது உரிமத் தேர்வில் கிரியேட்டிவ் காமன்ஸ் என்று ஒன்று இருக்கிறது. அது 'பை' உரிமம் மட்டுமே, எஸ்ஏ கிடையாது. அதைத் தட்டினால் நீங்கள் நினைத்ததைவிடத் தளர்வான உரிமத்தைக் கொடுத்துவிடுவீர்கள். பை-எஸ்ஏ வேண்டுமென்றால் அங்கே வழக்கமான உரிமத்தை அப்படியே வைத்துக்கொண்டு, விளக்கப் பகுதியில் பை-எஸ்ஏ 4.0 என்று எழுதி, மூலக்கோப்பின் இணைப்பையும் கொடுங்கள். காணொளியின் கோப்பை இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றினால் எவரும் பதிவிறக்கலாம். விக்கிமீடியா காமன்ஸ் எம்பி4 ஏற்பதில்லை. வெப்எம் வடிவுக்கு மாற்ற வேண்டும்.

எழுத்துக்கும் நிரலுக்கும் கிட்ஹப், கிட்லேப், கோட்பெர்க் எதுவானாலும் சரி. கிட் தெரியாத ஆசிரியர்களுக்காக அதே கோப்புகளை ஒரு ஜிப் பொதியாகவும் வையுங்கள். சேர்ன் ஆய்வகம் நடத்தும் ஆய்வுக் களஞ்சியமான ஜெனோடோவில் கிட்ஹப் களஞ்சியத்தை இணைத்தால், வெளியீடு ஒவ்வொன்றுக்கும் டிஓஐ என்ற நிலையான அடையாள எண் கிடைக்கும். கல்லூரி ஆசிரியர்கள் தங்கள் பணிப் பதிவில் காட்டிக்கொள்ள அது பயன்படும்.

படி 8: திருத்தங்கள் வரும்போது

பிறர் அனுப்பும் திருத்தத்தின் உரிமை அவர்களுடையது. 'இங்கே அனுப்பும் பங்களிப்புகள் இந்தப் பாடத்தின் உரிமத்திலேயே வெளியாகும். அவை நானே எழுதியவை' என்ற உறுதிமொழியை ரீட்மீயில் வைத்து, ஒவ்வொரு திருத்தத்துடனும் ஒப்புதல் வாங்குங்கள். லினக்ஸ் கரு 2004 முதல் பின்பற்றும் ஒப்பமிடும் முறை இதன் விரிவான வடிவம். பின்னாளில் உரிமத்தை மாற்ற நினைத்தால் பங்களித்த அத்தனை பேரையும் தேடிப் பிடிக்க வேண்டும் என்பதால்தான் மூன்றாம் படியை அவசரமில்லாமல் செய்யச் சொல்கிறேன். பங்களிப்பவர்கள் 18 வயதுக்குக் குறைந்த மாணவர்கள் என்றால் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். மாணவரின் முழுப்பெயரைப் போடாமல் அவர் விரும்பும் புனைபெயரைப் போடலாம்.

வெளியீட்டுக்கு எண் கொடுங்கள், மாற்றக் குறிப்பு எழுதுங்கள். இனி உங்களால் பராமரிக்க முடியாது என்றால் அதை வெளிப்படையாகவே எழுதிவிட்டு, நன்றாகப் பராமரிக்கப்படும் கிளை எதுவாவது இருந்தால் அதற்கு இணைப்புக் கொடுங்கள்.

படி 9: மீறல் என்று தோன்றினால்

முதலில் அது மீறல்தானா என்று பாருங்கள். பை-எஸ்ஏ பாடத்தை அச்சிட்டு விற்பது மீறல் அல்ல. உங்களுக்குச் சொல்லாமல் எடுத்ததும் மீறல் அல்ல. உங்கள் பெயரையும் உரிமத்தையும் மறைத்தது, திருத்தியதைத் திருத்தியது என்று சொல்லாதது, தழுவலை 'அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை' என்று பூட்டியது ஆகியவை மீறல்கள். பெரும்பாலும் இது அறியாமைதான். சேர்க்க வேண்டிய வரியையே எழுதி, மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். 4.0 பதிப்பின்படி, மீறியவரின் உரிமை தானாகவே முடிந்துவிடும்; ஆனால் தவறு தெரிய வந்த 30 நாளுக்குள் சரிசெய்தால் தானாகவே திரும்பக் கிடைக்கும். அந்த 30 நாள் கணக்கை மின்னஞ்சலிலேயே குறிப்பிட்டுவிட்டால் பதில் வேகமாக வரும். அதன் பிறகும் அசையாவிட்டால், பாடம் வைக்கப்பட்டிருக்கும் தளத்துக்குப் பதிப்புரிமைப் புகார் அனுப்பலாம்.

வேறொரு நிலைமையும் வரலாம். உங்கள் பாடத்தை எடுத்தவர் எல்லா நிபந்தனைகளையும் பின்பற்றியிருக்கிறார், ஆனால் தவறான தகவல்களைச் சேர்த்து, உங்கள் பெயரையும் ஒழுங்காகப் போட்டுவைத்திருக்கிறார். பாடத்தை நீக்கச் சொல்ல உரிமம் இடம் தராது. உங்கள் பெயரை நீக்கச் சொல்லலாம். நீங்கள் கேட்டால், நடைமுறையில் இயன்ற அளவுக்கு அதை அவர் நீக்கியாக வேண்டும் என்று 4.0 உரிமத்தின் மூன்றாம் பிரிவிலேயே இருக்கிறது.